தட்டினால் விட வேண்டும்

கோபம் வந்தால் அந்த அக்கா கைகளை விரிப்பார். மற்றவர்கள் முஷ்டி பிடிக்கிற இடத்தில் அவர் பத்து விரல்களையும் ஒன்றோடொன்று முட்டாமல் அகல விரித்து, கைகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பார். முகத்தில் ஒன்றும் தெரியாது. ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்க் கடையில் ஒருநாள் கடைக்காரி அவர் தலையில் முற்றல் முருங்கைக்காயைக் கட்டிவிட்டு, அது பிஞ்சுதான் என்று சாதித்தபோது அப்படித்தான் நின்றார். கடைக்காரி அவர் விரல்களைப் பார்த்துவிட்டு, "என்ன, நகத்துக்குப் பூசினது காயேல்லையோ? என்ன கலர், காட்டுங்கோ பாப்பம்" என்றாள். அக்கா கைகளை நீட்டிக் காட்டினார். பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை செய்கிற கைகள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தார், பூச்சு ஒன்றும் இல்லை. பிறகு முருங்கைக்காயைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

நான் என்றால் அந்த முருங்கைக்காயை மேசையில் அடித்து முறித்துவிட்டுத்தான் வந்திருப்பேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். வந்தால் கையில் இருப்பது பறக்கும். ஜூடோ பழகப் போனதே அதனால்தான். ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராக வேலை செய்கிறேன். ஒரு நோயாளி என் காதுபட என் தோல் நிறத்தைப் பற்றி ஏதோ சொல்ல, நான் ஏந்தியிருந்த தட்டம் கருவிகளோடு சேர்ந்து சுவரில் போய் விழுந்தது. நோயாளிமேல் படவில்லை, அதுவரைக்கும் நல்லது. வைத்தியர் என்னை உள்ளே கூப்பிட்டு, ஒன்றில் எங்காவது போய் விளையாட்டுப் பழகு, இல்லாவிட்டால் வேறு வேலை பார் என்றார். ஜூடோவில் ஆட்களையே தூக்கி எறியலாம் என்று கேள்விப்பட்டிருந்தேன். எறிவதில் எனக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறதே என்று போய்ச் சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமைப் பின்னேரங்களில் ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் வகுப்பு நடந்தது. நீல மெத்தைகள், கால் வியர்வை மணம், ஒருபோதும் ஒழுங்காகச் சூடாகாத ஹீட்டர். பயிற்றுநர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். முழங்கால் பழுது, சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். எடையைப் பார்த்து ஆட்களைச் சோடி சேர்ப்பார். எங்கள் இருவரையும் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "அக்கா தங்கையா?" என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை என்றோம். எனக்குச் சரியான எரிச்சல். எங்கள் சனத்தின் கண்ணில் படாமல் ஒரு காரியம் செய்யலாம் என்று வந்தால், அங்கேயும் ஒரு தமிழாள். அவருக்கும் அதே எரிச்சல் இருந்திருக்கும். ஆனால் அந்த முகத்தில் எதைப் படிப்பது. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர் என்பதால் அன்றைக்கே அக்கா என்று கூப்பிடத் தொடங்கினேன். கடைசிவரை பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை.

எறியக் காட்டித் தருவார்கள் என்று நான் காத்திருக்க, பயிற்றுநர் முதலில் இரண்டு விஷயங்களைத்தான் பழக்கினார். ஒன்று, விழுவது. மற்றது, தட்டுவது. பிடியில் அகப்பட்டவருக்குத் தாங்க முடியவில்லை என்றால் மெத்தையிலோ பிடித்திருப்பவர் உடம்பிலோ கையால் இரண்டு தரம் தட்ட வேண்டும். தட்டினால் விட வேண்டும். உடனே. நடிக்கிறாரா, உண்மையாகவே நோகிறதா என்று யோசிக்கக்கூடப் பிடித்திருப்பவருக்கு உரிமை இல்லை. அந்த மண்டபத்தில் மற்ற எந்த விதியை மீறினாலும் அவர் பகிடி விடுவார். இந்த ஒன்றில் மட்டும் குரல் மாறிவிடும்.

எனக்கு அது கொட்டாவி வரவைத்த பாடம். அக்கா கையை உயர்த்தி, இன்னொரு தரம் சொல்லுங்கள் என்று கேட்டார். அவர் சொன்னார். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

பிடிப்பதில் அவரை அடிக்க அந்த மண்டபத்தில் ஆளில்லை. அகலமான உள்ளங்கை, குட்டையான பெருவிரல். சட்டைக் கழுத்தைப் பற்றினார் என்றால் சட்டைதான் கிழிய வேண்டும். ஆனால் விடுவதில் அதைவிடக் கெட்டிக்காரர். நான் தட்டியதும் சுடுசட்டியில் கை பட்டது போல விட்டுவிடுவார். தட்டுவதற்கு முன்பும் விடுவார். என் விரல் சும்மா அசைந்தாலே விடுவார். இதைக் கண்டுபிடித்த பிறகு நான் விரலை அசைத்து அசைத்தே அவரிடமிருந்து தப்பினேன், வென்றும் இருக்கிறேன். பயிற்றுநர் தலையில் அடித்துக்கொள்வார். "அவள் இன்னும் தட்டவில்லையே, ஏன் விட்டாய்?" அக்கா ஜெர்மனில் அமைதியாகச் சொல்வார்: "முந்தி விட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை." அதனால் தொடக்கநிலை மஞ்சள் இடுப்புப் பட்டியைத் தாண்டி அவர் போகவே இல்லை.

ஒருநாள் உடை மாற்றும் அறையில் கேட்டேன். "ஏன் அக்கா இப்பிடிச் செய்யிறியள்? வெல்ல விருப்பமில்லையோ?"

"எனக்குப் பிடிக்கத் தெரியும்" என்றார். "விடத்தான் பழக வந்தனான்."

பெரிய சாமியார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு சப்பாத்தைக் கட்டினேன்.

அந்தச் சாமியாரோடு ஒருமுறை பேச்சை முறிக்கும் அளவுக்குக் கோபித்திருக்கிறேன். ஜூடோ உடுப்பு வாங்க டோர்ட்முண்ட் போய்விட்டு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தோம். உதைபந்தாட்டம் முடிந்த கூட்டம் பெட்டி நிறைய. எங்களுக்குப் பின்னால் இருந்த ஒருவன், ஒரு கையில் பியர்ப் போத்தல், மற்றக் கையால் அக்காவின் பின்னலைப் பிடித்து, "இது உண்மையான முடியா?" என்று இழுத்தான். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எழுந்துவிட்டேன். அவன் மணிக்கட்டை எப்படித் திருப்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும், அக்காவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவர் விரல்களை விரித்தார். தலை பின்னால் இழுபட்ட நிலையிலேயே, "விடுங்கள்" என்று ஒரு தரம் சொன்னார். அவன் இன்னும் கொஞ்சம் இழுத்துப் பார்த்துவிட்டு விட்டான். "இறங்குவம்" என்று என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடுவில் ஏதோ ஒரு சின்ன நிலையத்தில் இறங்கிவிட்டார்.

அடுத்த ரயிலுக்கு நேரம் இருந்தது. குளிர்.

"பயந்திட்டியளோ?" என்றேன். குத்துவதற்காகத்தான் கேட்டேன்.

"ஓம்."

"அவன் ஒரு குடிகாரன். நாங்கள் ரெண்டு பேர்."

"அவனுக்குப் பயப்பிடேல்லை" என்றார். கையுறை போடவில்லை. ரயில் வரும்வரை அந்த விறைத்த விரல்களை மடியில் விரித்தபடியே வைத்திருந்தார். எனக்கு விளங்கவில்லை, விளங்கிக்கொள்ள விருப்பமும் இருக்கவில்லை. வீடு வந்து சேரும்வரை ஒரு சொல்லும் பேசவில்லை.

விளங்கியது அவர் வீட்டுக்குப் போனபோது. ஒரு சனிக்கிழமை தேநீர் குடிக்க வரச் சொன்னார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தாய் சில வருஷங்களுக்கு முன் புற்றுநோயில் போய்விட்டார், வீட்டில் தகப்பன் மட்டும்தான் என்பது எனக்குத் தெரியும். தகப்பனுக்குப் பாரிசவாதம் என்பதும் தெரியும். அக்காவின் தமையன் கனடாவில். ஞாயிற்றுக்கிழமைகளில் தொலைபேசியில் கூப்பிட்டு, அப்பாவை வடிவாய்ப் பார் என்று சொல்வது அவர் பங்கு. பார்ப்பது இவர் பங்கு. கோயிலில் எல்லோரும் அவரைக் காட்டித் தங்கள் பெண் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வார்கள். தகப்பனைக் குழந்தை மாதிரிப் பார்க்கிறாள், இந்தக் காலத்தில் யார் பார்க்கிறார்கள் என்பார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, ஆனால் என்னத்துக்கு இந்தக் கராத்தே என்பார்கள். எங்கள் சனத்துக்கு அது கராத்தேதான். ஜூடோ என்று எத்தனை தரம் திருத்தினாலும், ஓம் ஓம், அந்தக் கராத்தே என்று தொடர்வார்கள்.

இருக்கிற அறையில் பக்கக் கம்பி போட்ட நோயாளிக் கட்டில். அதில் ஒரு பெரிய மனிதர். வலப்பக்கம் செத்துக் கிடந்தது. நான் உள்ளே போனதும் அவர் என்னைப் பார்த்து ஒரு சொல் சொன்னார். அந்தச் சொல்லை இங்கே எழுத மாட்டேன். பெண்களைச் சொல்லும் சொல். நான் அப்படியே நின்றுவிட்டேன். வேறொருவர் என்றால் பாரிசவாதம் என்றும் பார்த்திருக்க மாட்டேன்.

"உமக்கில்லை" என்றார் அக்கா. "எனக்குமில்லை. அது அம்மாவுக்கு. கதை எல்லாம் போயிட்டுது, அந்த ஒரு சொல்லுத்தான் மிஞ்சினது. டொக்டர் சொன்னவர், அடிக்கடி சொன்னது கடைசியிலைதானாம் போகும்."

பசித்தாலும் அந்தச் சொல்தான். தண்ணீர் வேண்டும் என்றாலும் அதுதான். அக்கா அந்தச் சொல்லுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தார். பிறகு ஒருக்களித்துப் படுக்க வைக்க, தோளின் கீழ் கையைக் கொடுத்துத் திருப்பினார். மனிதரின் இடக்கை எழுந்து கட்டில் கம்பியில் இரண்டு தரம் தட்டியது. மோதிரம் கம்பியில் பட்டுச் சத்தம் கேட்டது. அக்கா உடனே விட்டார். ஓரடி பின்னால் வந்து விரல்களை விரித்துக்கொண்டு நின்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மெதுவாகத் திருப்பினார்.

"நான்தான் பழக்கினனான்" என்றார். "நோகுதெண்டு சொல்ல வாய் இல்லையெல்லே. இப்ப அவருக்குத் தெரியும், தட்டினா விடுவினம் எண்டு."

குசினியில் அவர் தேநீர் ஊற்றினார். அவராகவே, சீனிப் போத்தலை மூடியபடி, நேற்றுச் சந்தைக்குப் போன கதை போலச் சொல்லத் தொடங்கினார். ஜெர்மனிக்கு வந்து கொஞ்சக் காலம்தானாம். அவர் பள்ளிக்கூடப் பிள்ளை. தகப்பனுக்கு உணவகத்தில் கோப்பை கழுவுகிற வேலை, அங்கே அடக்கியதை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

"ஒருநாள் அம்மாவைக் குசினிக் கதவோடை வைச்சுக் கழுத்தைப் பிடிச்சிட்டார். ஏன் எண்டு இப்ப ஞாபகமில்லை. அம்மான்ரை கை பின்னாலை கதவிலை தட்டிக்கொண்டிருந்தது. கத்தேலாதெல்லே. தட்டினவா, தட்டினவா. நான் சாப்பாட்டு மேசையடியிலை நிண்டு பாத்துக்கொண்டிருந்தன். அவர் விடேல்லை. தட்டின சத்தம் நிண்ட பிறகுதான் விட்டவர்."

"அம்மா?"

"கீழை விழுந்தவா. கொஞ்சத்தாலை எழும்பிப் போய் அடுப்பிலை இருந்து சோத்தை இறக்கி வைச்சவா. அடிப்பிடிச்சுப் போச்சுது. அடுத்த நாள் சால்வை சுத்திக்கொண்டு வேலைக்குப் போனவா."

பக்கத்து அறையில் மோதிரம் கம்பியில் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்த்தேன். அங்கே அவரைத் தவிர ஒருவரும் இல்லை. அக்கா எழும்பவில்லை. "சும்மாவும் தட்டுவார்" என்றார்.

ஜூடோவுக்கு வந்த கதையையும் அன்றைக்குத்தான் சொன்னார். ஒரு தேர்தலில் வாக்குப் போட அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்கிறார். மண்டபக் கதவு திறந்திருந்தது. உள்ளே இரண்டு பெண்கள் மெத்தையில் உருண்டுகொண்டிருந்தார்கள். ஒருத்தி மற்றவளின் கழுத்தைப் பிடித்திருந்தாள். கீழே கிடந்தவள் தட்டினாள், மேலே இருந்தவள் விட்டுவிட்டாள். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு எழும்பித் தண்ணீர் குடித்தார்கள்.

"எனக்குக் கால் ஓடேல்லை. இவ்வளவு லேசான விசயமோ எண்டு நினைச்சன். தட்டினா விடுறது. இவ்வளவு லேசோ."

"அப்ப ஏன் அக்கா இவரை வைச்சுப் பாக்கிறியள்? முதியோர் ஹைமிலை விடலாமே."

"விட்டா அவர் வெண்டமாதிரி." வலது கையை மேசைமேல் வைத்து, "இதைப் பாரும்" என்றார். அகன்ற உள்ளங்கை, குட்டைப் பெருவிரல். "அவரின்ரை கை. அப்பிடியே வந்திருக்கு. அண்ணாவுக்கு வரேல்லை, எனக்குத்தான் வந்தது. காலமையும் பின்னேரமும் இந்தக் கையாலை அவரைக் கழுவுறன். கழுத்தையும் கழுவத்தானே வேணும். இந்தக் கையாலை அவருக்கு ஒண்டும் நடக்கக்கூடாது. அவர் தன்ரை பாட்டிலை சாகோணும். எனக்கு வேற ஒண்டும் வேண்டாம்."

அதற்குப் பிறகு அவரோடு பயிற்சி செய்யும்போது நான் விரலை அசைத்து ஏமாற்றுவதை நிறுத்திவிட்டேன். கையை அடக்க அவர் படும் பாட்டை நினைக்க என் கோபமெல்லாம் சின்னப் பிள்ளை அடம் பிடிப்பது மாதிரித் தெரிந்தது. வேலையிடத்தில் தட்டங்கள் சுவரில் விழவில்லை. என் வைத்தியர் ஜூடோவைப் புகழ்ந்தார்.

பிறகு ஒரு கார்த்திகை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. வெளியே மழை. நாங்கள் வயது வந்தவர்கள் என்பதால் பயிற்றுநர் கழுத்துப் பிடியும் பழக்கியிருந்தார். சட்டைக் கழுத்தின் இரண்டு பக்கமும் குறுக்காகப் பற்றி இறுக்குவது. அதுவரை அக்கா அந்தப் பிடியைப் போடவே மாட்டார், ஏதாவது சாட்டுச் சொல்லித் தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அன்றைக்குப் போகவில்லை. நான் கீழே, அவர் மேலே. கைகள் வந்து சட்டையைப் பற்றின. இறுகியது. நான் தட்டினேன்.

விடவில்லை.

கேட்கவில்லையாக்கும் என்று நினைத்துப் பலமாகத் தட்டினேன். அவர் முதுகில் தட்டினேன். அவர் கண்கள் திறந்துதான் இருந்தன, என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. முகத்தில் வழக்கம்போல ஒன்றும் இல்லை. அந்த முகத்தைச் சுற்றி ஓரங்கள் கறுத்துக்கொண்டு வந்தன, கூரை விளக்குகள் ஒவ்வொன்றாகத் தூரப் போயின. என் கை மெத்தையில் தட்டுகிற சத்தம் வேறு யாரோ எங்கேயோ கதவில் தட்டுவது போலக் கேட்டது. செத்துப்போகப் போகிறேன் என்று அப்போது நான் நம்பினேன். அதை இன்றைக்கும் வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

பயிற்றுநர் கத்திக்கொண்டு, அந்தப் பழுதான காலோடு ஓடிவந்து அவர் தோளைப் பிடித்து இழுத்தார். அக்காவின் கைகள் விட்டன. பத்து விரல்களும் விரிந்தன. அப்படியே முழங்காலில் பின்னால் நகர்ந்து, மெத்தையின் ஓரம்வரை போய்விட்டார்.

உடை மாற்றும் அறையில் நாங்கள் இரண்டு பேரும் நீண்ட நேரம் இருந்தோம். மற்றவர்கள் போய்விட்டார்கள். என் குரல் கரகரத்தது.

"எத்தினை தரம் தட்டினீர்?" என்றார்.

"ரெண்டு தரம்தான். உங்களுக்குக் கேட்டிருக்காது."

"கேட்டது" என்றார் அக்கா. "ஒவ்வொண்டும் கேட்டது. கேட்டுக்கொண்டுதான் இருந்தனான்."

என் பக்கத்தில் இருக்கிறவரைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. அவருக்கு அது தெரிந்தது, வாங்குப் பலகையில் இன்னும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"காலமை கழுவேக்கை அந்தச் சொல்லைச் சொன்னவர். எண்டைக்கும் சொல்லுறதுதானே. இண்டைக்கு என்ரை முகத்தைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு சொன்னவர். அல்லது எனக்கு அப்பிடித் தெரிஞ்சதோ தெரியேல்லை. அதை நான் இஞ்சை கொண்டுவந்திட்டன், அவர் முந்திக் கொண்டுவந்த மாதிரியே." சப்பாத்து நாடாவைக் கட்டினார். "உம்மிலை நடந்ததுக்கு மன்னிச்சுக்கொள்ளும். உம்மைக் காப்பாத்த ஓடி வாறதுக்கு ஒரு ஆள் இருந்தது. நாளைக்குக் காலமை அந்த அறையிலை ஒருத்தரும் இருக்க மாட்டினம்."

அடுத்த நாளே வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதியோர் இல்லங்களாக ஏறி இறங்கினார். இடம் கிடைக்கும்வரை காலையும் மாலையும் தாதிமார் வீட்டுக்கு வந்து கழுவினார்கள். அக்கா அறை வாசலைத் தாண்டவில்லை என்று அவர்களில் ஒருத்தி, எங்களிடம் பல்லுக்கு வந்தவள், அதிசயமாகச் சொன்னாள். வாசலில் நின்று பார்ப்பாராம். கைகளை ஏனோ விரித்துக்கொண்டு நிற்பாராம்.

பக்கத்து ஊரில் ஓர் இல்லத்தில் இடம் கிடைத்துத் தகப்பன் போனதும், எங்கள் சனத்துக்கு மெல்லுவதற்கு வேறு ஒன்றும் தேவைப்படவில்லை. தங்கள் பெண் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டிப் புத்தி சொன்ன அதே வாய்கள்தான். கடைக்கு நாங்கள் இருவரும் போனபோது, முருங்கைக்காய்க் கடைக்காரி இன்னொருத்தியிடம், அக்கா காதில் விழவேண்டும் என்றே சொன்னாள்: "பெத்த தேப்பனைக் கொண்டுபோய் வெள்ளைக்காரரிட்டைத் தள்ளிப்போட்டு, கராத்தே பழகித் திரியினம். காலம்."

என் கையில் ஊறுகாய்ப் போத்தல் இருந்தது. அது எந்தப் பக்கம் பறக்கப் போகிறது என்பது எனக்கே தெரிந்துவிட்டது. அப்போது என் தோளில் இரண்டு தரம் தட்டுப்பட்டது. திரும்பினேன். அக்கா. தட்டிவிட்டார், அவ்வளவுதான். தட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். போத்தலைத் தட்டில் வைத்தேன்.

வெளியே வந்து சண்டை பிடித்தேன். "ஏன் எண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோவன். நான் சொல்லட்டே?"

"சொல்லாதேயும். சொன்னா அம்மான்ரை கழுத்தையும் சொல்ல வேண்டி வரும். அவா அதைச் சால்வையாலை மறைச்சவா."

இந்த எழுத்தில் இப்போது சொல்லிவிட்டேன். பெயர் இல்லாதபடியால் அந்தத் தாயின் சால்வை அப்படியே இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறேன்.

அக்கா ஜூடோவுக்குத் திரும்பி வரவில்லை. தகப்பன் அந்த மாரி முடிய முன்பே செத்துப்போனார். பிறகு அக்கா வேறு ஊரில் வேலை எடுத்துக்கொண்டு போய்விட்டார், தொலைபேசி எண்ணும் மாறிவிட்டது. நான் இன்னும் செவ்வாய்க்கிழமைகளில் போகிறேன். கழுத்துப் பிடிக்குள் போகும்போது மேலே இருக்கிறவரின் கண்ணைப் பார்க்க மாட்டேன், மூடிக்கொள்வேன். சில நாட்களில் வேலையிடத்தில் யாராவது விரல் நுனியால் மேசையில் சும்மா தட்டினாலும், கையில் இருப்பதை என்னையறியாமல் கீழே வைத்துவிடுகிறேன்.

தகப்பன் சாவதற்குச் சில கிழமைகளுக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்கா என்னைத் துணைக்குக் கூப்பிட்டார். ஒவ்வொரு ஞாயிறும் அவர் அந்த இல்லத்துக்குப் போவார். கட்டிலில் இருந்து தள்ளி, யன்னலடியில் கதிரையைப் போட்டு, முழங்கால்களில் கைகளை விரித்து வைத்துக்கொண்டு ஒரு மணித்தியாலம் இருந்துவிட்டு வருவார். தகப்பனைத் தொடுவதே இல்லை. "இண்டைக்குத் தனியப் போக ஏலாது" என்றார். "நீர் கதவடியிலை நிண்டாக் காணும்."

மனிதர் பாதியாகிவிட்டார். மிஞ்சியிருந்த அந்தச் சொல்லும் போய்விட்டது. இடக்கை மட்டும் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தம், மறுபடி இரண்டு தட்டு. பகல் முழுவதும் இப்படித்தான் என்றாள் அங்கே வேலை செய்த பெண். ஊரில் மேளம் அடித்தவரா என்று நல்ல மனதோடு கேட்டாள்.

அக்கா கொஞ்ச நேரம் யன்னலடியில் இருந்தார். பிறகு எழுந்தார். நான் கதவை விட்டு ஓரடி உள்ளே வந்துவிட்டேன், என்னையறியாமல். அவர் கட்டிலருகே போய், இரண்டு கைகளையும் விரித்துத் தகப்பனின் கண்ணுக்கு முன்னால் பிடித்தார்.

"இஞ்சை பாருங்கோ அப்பா. ஒருத்தரும் பிடிக்கேல்லை."

கிழவர் அந்தக் கைகளைப் பார்த்தார். தட்டினார். அக்கா குனிந்து, கம்பியில் தட்டிக்கொண்டிருந்த கையின் கீழ் தன் வலது உள்ளங்கையை வைத்தார், தட்டு அதில் விழட்டும் என்பது போல. விழுந்தது. அடுத்ததாக அந்தக் கை மூடிக்கொண்டது. அக்காவின் விரல்களைப் பிடித்துவிட்டது. சாகக் கிடக்கிற மனிதருக்கு எங்கிருந்து அவ்வளவு பலம் வந்ததோ, விரல் நுனிகள் வெளுத்ததை நான் நின்ற இடத்திலிருந்தே பார்த்தேன். ஒன்றைப் போல மற்றதாக இரண்டு கைகள். அக்கா இழுக்கவில்லை. அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. மேசையடியில் நிற்கிற ஒரு பிள்ளையின் முகம் அது.

அவர் இடக்கையைத் தூக்கினார். கம்பியில் இரண்டு தரம் தட்டினார்.

கிழவர் விட்டுவிட்டார். உடனே. சுடுசட்டியில் கை பட்டது போல.

அக்கா விடுபட்ட கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இவ்வளவு லேசு" என்றார். என்னிடமில்லை, அவரிடமுமில்லை. "இவ்வளவு லேசாத்தான் இருந்திருக்கு."

பேருந்து நிறுத்தத்தில் தூறிக்கொண்டிருந்தது. குடையை அவர் பக்கம் சாய்த்தபோது கைகளைக் கண்டேன். இரண்டும் முஷ்டியாக மூடியிருந்தன. பழக்கமில்லாத கைகள், பெருவிரல்களை உள்ளே வைத்து இறுக்கியிருந்தார்.

எனக்குப் பயம் வந்தது. மெல்ல அவர் தோளில் இரண்டு தரம் தட்டினேன்.

அவர் கைகளைத் திறக்கவில்லை. "பொறும்" என்றார். "கொஞ்ச நேரம் இப்பிடியே இருக்கட்டும்."